படிப்பு 4 வருஷம், நிதி 1 வருஷம்: முகாம் இளைஞர்களுக்கு உதவும் தொண்டு நிறுவனங்கள் எவ்வளவு உறுதியா இருக்கு?

ஒரு சின்ன கணக்கு. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளர்ந்த ஒரு மாணவி பொறியியல் படிப்பில் சேர்றாங்கன்னு வச்சுக்குவோம். படிப்பு 4 வருஷம். கட்டணத்தில் ஒரு பகுதியை ஒரு தொண்டு நிறுவனம் ஏத்துக்குது. ஆனா அந்த நிறுவனத்துக்கு வெளியில் இருந்து வரும் நிதி ஒரு வருஷத்துக்குத்தான். இரண்டாம் ஆண்டில் நிதி நின்னா என்ன ஆகும்?

மாணவி மேல தப்பில்லை. கல்லூரி மேலயும் தப்பில்லை. உதவ வந்தவங்களுக்கு நல்ல மனசு இல்லாமலும் இல்லை. இல்லாதது ஒண்ணுதான்: ஒரு கதவு மூடினாலும் வேலை நிற்காம பார்த்துக்கிற பலம். இதைத்தான் ‘நிறுவனத் திறன்’னு சொல்றாங்க. கேட்க அலுவலக வார்த்தை மாதிரி இருந்தாலும், ஒரு பிள்ளையோட டிகிரி இதில்தான் தொங்குது.

முதல்ல, யாரைப் பத்திப் பேசுறோம்?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, பல கட்டங்களா 3 லட்சத்துக்கும் அதிகமான இலங்கைத் தமிழர்கள் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தாங்க. பலர் திரும்பிப் போயிட்டாங்க. 2021 ஆகஸ்ட்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் சொன்ன கணக்குப்படி, 108 முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவு செய்து வாழ்பவர்கள் 34,087 பேர்.

இதில் இன்றைய இளைஞர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவங்க. ஆனா 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவங்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தவங்களுக்கு விதி இன்னும் இறுக்கம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. அகதிகளுக்கான 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை.

ஒரு சின்ன ஆறுதல் 2025 செப்டம்பரில் வந்தது. 2015 ஜனவரி 9-க்கு முன்பு இந்தியா வந்து, அரசிடம் பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா தொடர்பான விதிகளில் இருந்து மத்திய உள்துறை அமைச்சகம் விலக்கு கொடுத்தது. இது குடியுரிமை இல்லை. ஆனா, ஆவணம் இல்லாம இருக்கிறதுக்காக மட்டும் நடவடிக்கை வருமோ என்ற பயம் குறைஞ்சது.

அரசு செய்யுதே, அப்புறம் தொண்டு நிறுவனம் எதுக்கு?

நியாயமான கேள்வி. 2021-ல் தமிழக அரசு முகாம்களுக்காக ரூ.317.40 கோடி திட்டங்களை அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது இதில் பெரிய பகுதி. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு ரூ.1,000-ல் இருந்து ரூ.1,500 ஆனது. பொறியியல் சேர்க்கையில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பேருக்கு கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் சொன்னது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது.

ஆனா 51-வது ஆளா வர்ற மாணவருக்கு? எட்டாம் வகுப்பில் கணக்கு வராம பள்ளியை விடப் போற பையனுக்கு? பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் எந்தப் படிவமும் நிரப்ப முடியாத பெண்ணுக்கு? டிகிரி முடிச்சும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாம பெயிண்ட் வேலைக்குப் போறவருக்கு? இந்த இடைவெளியில்தான் தொண்டு நிறுவனங்கள் நிக்குது. மாலை நேர வகுப்பு, ஆவண உதவி, கல்லூரி வழிகாட்டுதல், மனநல ஆலோசனை எல்லாமே இங்கதான் வருது.

முகாம்களில் நல்லா தெரிஞ்ச பெயர் ‘ஒஃபர்’. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக்கான இந்த அமைப்பை 1984-ல் தொடங்கியவர் எஸ்.சி.சந்திரகாசன், தந்தை செல்வாவின் மகன். அகதிகளே அகதிகளுக்காக நடத்துவதுதான் இதோட தனித்தன்மை. முகாமில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புப் பதிவு வாங்கித் தந்தது இவங்களோட முக்கியமான வேலைகளில் ஒண்ணு. இயேசு சபையின் அகதிகள் பணி அமைப்பும் முகாம்களில் மாலை நேரக் கல்வி மையங்கள் நடத்தி வந்திருக்கு.

கதவு எப்படியெல்லாம் மூடும்?

கதவு மூடுறது கற்பனை இல்லை, ஏற்கனவே நடந்திருக்கு.

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு, முகாம்கள் மீது கெடுபிடி இறுகியது. அகதி மாணவர்களுக்கு இருந்த கல்லூரிச் சேர்க்கைச் சலுகை நின்றது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போகவும் தடை வந்தது. பல ஆண்டுகள் கழித்துத்தான் நிலைமை தளர்ந்தது. நடுவில் படிப்பை விட்டவங்களுக்கு அந்த வருஷங்கள் திரும்பி வரலை.

அடுத்தது 2025 ஜனவரி 20. அதிபராகப் பதவியேற்ற அன்றே டொனால்ட் ட்ரம்ப், அமெரிக்காவின் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்தி உத்தரவிட்டார். உலகம் முழுக்க அகதிகள் பணிகள் ஆட்டம் கண்டது. ஐ.நா. அகதிகள் ஆணையமே சுமார் 3,500 பணியிடங்களைக் குறைப்பதாக அந்த ஆண்டு ஜூனில் அறிவித்தது. 2024 இறுதியில் உலகில் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் 12.32 கோடி பேர். தேவை ஏறும்போதே பணம் இறங்குது.

மூணாவது பாடம் நம்ம காரைக்கால் கடற்கரைக்கே தெரிஞ்சது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு பக்கமும் நாகை முழுக்கவும் வந்து குவிஞ்ச அமைப்புகளை பெரியவங்க இன்னும் ஞாபகம் வச்சிருப்பாங்க. ஒரே தெருவுக்கு பல பேர் பாத்திரம் கொடுத்தாங்க. அடுத்த தெருவுக்கு யாரும் போகலை. இதைச் சரிசெய்ய நாகையில் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து, தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையமே தொடங்க வேண்டி வந்தது. நிவாரண நிதி வற்றியதும் வெளியூர் அமைப்புகள் கிளம்பிடுச்சு. சுனாமிக்கு முன்பே இங்கே வேர் விட்டிருந்த சினேகா போன்ற அமைப்புகள்தான் மீனவப் பெண்களோடு தொடர்ந்து நின்னது.

கிளம்பினவங்களுக்கும் நின்னவங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் நல்ல மனசுக்கு பெரிய பங்கு இல்லை. உள்ளூர் ஆட்கள், பல வழி நிதி, ஒழுங்கான நிர்வாகம் இந்த மூணும்தான் வித்தியாசம்.

சரி, திறனை எப்படி அளக்கிறது?

இதுக்கு உலக அளவில் அளவுகோல்கள் இருக்கு. 2001-ல் மெக்கின்சி நிறுவனம் தயாரித்த ஒரு பட்டியல் இன்றும் பேசப்படுது. நோக்கம், உத்தி, செயல் திறமை, ஆட்கள், நடைமுறைகளும் வசதிகளும், அமைப்பு வடிவம், பண்பாடு என ஏழு தலைப்பில் ஒரு நிறுவனம் தன்னைத்தானே மதிப்பெண் போட்டுப் பார்க்கலாம்.

ஆனா பெரிய நகர நிறுவனத்துக்கான படிவத்தை, ஆறு பேர் நடத்தும் மாலை வகுப்பு அமைப்பிடம் நீட்டினா பயன் இல்லை. அவங்க படிவத்தை நிரப்பவே ஆள் இருக்காது. முகாம் இளைஞர்களோட வேலை செய்ற அமைப்பை எடை போட இந்த ஆறு கேள்விகள் போதும்:

1. இன்னைக்கே நிதி நின்னா, ஏற்கனவே படிச்சிட்டிருக்கிற மாணவர்களைக் கடைசி ஆண்டு வரை கொண்டுபோக கையில் பணம் இருக்கா?

2. மொத்த நிதியில் பாதிக்கு மேல ஒரே இடத்தில் இருந்து வருதா?

3. தலைவரோ, முக்கியமான ஒரு ஊழியரோ நாளைக்கு இல்லைன்னா, அவர் மனசில் இருக்கிற விவரம் வேறு யாருக்காவது தெரியுமா? காகிதத்தில் இருக்கா?

4. நிர்வாகக் குழுவில் முகாம்வாசிகள் இருக்காங்களா? வெறும் பயனாளியாக இல்லாம, முடிவெடுக்கிறவங்களாக?

5. எத்தனை பேரைச் சேர்த்தோம் என்ற கணக்கு மட்டும் இருக்கா, எத்தனை பேர் முடிச்சாங்க, இடையில் நின்னவங்க ஏன் நின்னாங்க என்ற கணக்கும் இருக்கா?

6. மாணவர்களோட ஆவணங்கள், தொலைபேசி எண்கள், குடும்ப விவரங்கள் பூட்டுப் போட்ட இடத்தில் இருக்கா? யார் பார்க்கலாம்னு விதி இருக்கா?

ஆறாவது கேள்வியை லேசா நினைக்காதீங்க. குடியுரிமை இல்லாத ஒருவரோட விவரம் வெளியே போனா வர்ற பாதிப்பு, சாதாரணமா ஒரு போன் நம்பர் கசியுறதை விடப் பெரிசு.

சட்டம் எங்கே இடிக்குது?

திறனை வளர்க்கணும்னா கணக்காளர் வேணும், பயிற்சி வேணும், நல்ல கம்ப்யூட்டர் வேணும். இங்கதான் சிக்கல்.

வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்தில் இருந்து 20 சதவீதமாகக் குறைச்சது. பள்ளி ஆசிரியரோட சம்பளம் மாதிரி நேரடிப் பணிக்கான செலவு இந்த வரம்பில் வராது. ஆனா கணக்காளர், அலுவலக வாடகை, அறிக்கை தயாரிப்பு எல்லாம் வரும். அதாவது, நிறுவனம் நொறுங்காம பிடிச்சு வைக்கிற செலவுதான் முதல்ல வெட்டு வாங்குது.

இன்னொரு மாற்றம் சின்ன அமைப்புகளை நேரடியா அடிச்சது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குத் தர இப்போ அனுமதி இல்லை. முன்னாடி சென்னையில் இருக்கும் பெரிய அமைப்பு நிதி வாங்கி, முகாம் பக்கத்தில் இருக்கும் சின்ன அமைப்புக்குப் பகிரலாம். இப்போ சின்ன அமைப்பே தனியா பதிவு வாங்கணும். அதுக்குப் பொதுவாக 3 ஆண்டு செயல்பாடும், அந்த 3 ஆண்டில் பணிக்காக ரூ.15 லட்சம் செலவு செய்த கணக்கும் காட்டணும்.

வெளிநாட்டுப் பணத்துக்குக் கணக்கு கேட்பது அரசின் உரிமை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனா கணக்கு சரியா எழுத ஆள் வேணும்னா, அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க இடமும் விடணும் இல்லையா?

நன்கொடையாளர்கள் பக்கமும் தப்பு இருக்கு. ‘நான் கொடுக்கிற ரூபாய் முழுசும் பிள்ளைகளுக்கே போகணும், ஆபீஸ் செலவுக்கு போகக் கூடாது’ன்னு சொல்றது நல்ல எண்ணம்தான். ஆனா எல்லாருமே அப்படிச் சொன்னா, கணக்கு எழுத ஆள் இல்லாம நிறுவனம் மெலியும். கணக்கு சரியில்லைன்னு அடுத்த நிதி வராது. இன்னும் மெலியும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2009-லேயே இதைத் தொண்டு நிறுவனங்களின் ‘பட்டினிச் சுழல்’னு எழுதினாங்க.

பலப்படுத்த என்ன வழி?

பெரிய பணம் இல்லாமலே செய்யக் கூடியது நிறைய இருக்கு.

ஒண்ணு, புது மாணவர்களைச் சேர்க்கும் முன்பு பழைய மாணவர்களுக்கான பணத்தைத் தனியா ஒதுக்கி வைக்கிறது. 20 பேரைச் சேர்த்து 8 பேரை நடுவில் விடுறதை விட, 12 பேரைச் சேர்த்து 12 பேரையும் முடிக்க வைக்கிறது நேர்மையானது. அறிக்கையில் எண்ணிக்கை கம்மியாத் தெரியும். தெரியட்டும்.

ரெண்டு, கணக்காளரைப் பகிர்ந்துக்கிறது. மூணு நாலு சின்ன அமைப்புகள் சேர்ந்து, உள்நாட்டு நிதியில் இருந்து ஒரு தகுதியான கணக்காளரை வச்சுக்கலாம்.

மூணு, படிச்சு முடிச்ச முகாம் இளைஞர்களையே பொறுப்புக்குக் கொண்டு வர்றது. வெளியில் இருந்து வர்றவங்களுக்கு முகாம் வாசலை மூடலாம். உள்ளேயே வாழ்ந்து, மாலை வகுப்பு எடுக்கிற அக்காவுக்கு மூட முடியாது. 1990-களின் பாடம் இதுதான்.

நாலு, உள்நாட்டு நிதி. கம்பெனிகள் சட்டம் 2013-ன்படி, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடணும். இதைப் பெற தொண்டு நிறுவனத்துக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், 3 ஆண்டு அனுபவம் எல்லாம் தேவை. அதனால ஒழுங்கான தணிக்கைக் கணக்குதான் இங்கேயும் நுழைவுச் சீட்டு.

காரைக்காலுக்கு இதில் என்ன வேலை?

காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பகுதி. மேலே சொன்ன 108 முகாம்களும், அதற்கான திட்டங்களும் தமிழக அரசின் கீழ். சங்கப் பதிவுச் சட்டமே எல்லை தாண்டினா மாறுது. தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம், புதுச்சேரியில் 1860-ஆம் ஆண்டுச் சட்டம். எனவே இங்கே பதிவான ஒரு அமைப்பு தமிழ்நாட்டு முகாம் மாணவர்களோடு வேலை செய்யணும்னா, முதல் நாளே முகாம் உள்ள மாவட்ட நிர்வாகத்திடமும், தமிழக அரசின் மறுவாழ்வுத் துறையிடமும் முறையா அனுமதி கேட்டுத் தொடங்குறதுதான் பாதுகாப்பு.

காரைக்காலுக்குச் சில பலங்களும் உண்டு. என்.ஐ.டி. இருக்கு, கல்லூரிகள் இருக்கு, பேரிடர் நேரத்தில் தொண்டு நிறுவனங்களைக் கிட்டத்தில் பார்த்த அனுபவம் இருக்கு. பணம் மட்டும்தான் உதவின்னு இல்லை. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் மாதம் இரண்டு நாள் ஒரு அமைப்போட கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தாலே, அது பல ஆயிரம் ரூபாய் நன்கொடைக்குச் சமம்.

2030-க்குள் அகதி இளைஞர்களில் 15 சதவீதம் பேராவது உயர்கல்விக்குப் போகணும்னு ஐ.நா. அகதிகள் ஆணையம் இலக்கு வச்சிருக்கு. கல்லூரியில் சேர்க்கிறது அதில் முதல் படிதான்.

அடுத்த முறை ஒரு தொண்டு நிறுவனம் உங்ககிட்ட நன்கொடை கேட்டா, ‘எத்தனை பேரைப் படிக்க வைக்கிறீங்க?’ன்னு கேட்பதோட நிறுத்தாதீங்க. ‘போன நாலு வருஷத்தில் நீங்க சேர்த்தவங்கள்ல எத்தனை பேர் முடிச்சாங்க?’ன்னும் கேளுங்க. பதில் தயங்காம வந்தா தாராளமா கொடுங்க. கொடுக்கும்போது, ‘இதில் கொஞ்சம் உங்க கணக்காளர் சம்பளத்துக்கும் வச்சுக்கோங்க’ன்னு சேர்த்துச் சொல்லுங்க.