எண்ணும் நோயும்

இராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்பூதூர் முதல் ஒரகடம் வரை இந்நாளில் இயந்திரசாலைகள் நெருங்கி நிற்கின்றன. வெளியூர்களினின்று வந்து விடுதிகளில் தங்கி அங்கு உழைக்கும் இளம் பெண்கள் பலர். அன்னாருள் ஒருத்திக்கு உடலில் யாதொரு குறையும் தோன்றாதிருக்க, இரத்தப் பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். என்னும் எண் மட்டும் சற்றே ஏறியிருப்பின், அவள் ஆயுள் முழுதும் மாத்திரை உண்ணல் வேண்டுமோ? இவ்வினா சிறிதன்று. 2013-ஆம் வருஷத்தில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் 5,360 பேரைச் சோதித்து, நூற்றுக்கு எண்மர் இந்நிலையில் இருக்கக் கண்டது.

அவ்வெண் உணர்த்துவது யாது? கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியை, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி ஏவி வேலை வாங்குகின்றது. அவ்வேவற்குரல் உயர்ந்துள்ளது என்பதே அவ்வெண்ணின் பொருள். சரக்காகிய தைராக்சினோ இந்நிலையில் குறைவின்றி வெளிவருகின்றது. மேஸ்திரி சிறிது உரக்கப் பேசினமையாலேயே இயந்திரம் பழுதாயிற்று என்று எவரும் துணியார். மேலும், ஏறிய எண் சில மாதங்களில் தானே இறங்குதலும் உண்டு. ஆதலின், கருவுற்றவள் அல்லளாயின், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுமுறை சோதியாமல் மருந்து தொடங்குதல் முறையன்று.

“மாத்திரை மலிவுதானே, உண்டால் என்ன?” என்பர் சிலர். நாள்தோறும் வெறுவயிற்றில் அதனை உண்டு, அவ்வப்போது இரத்தமும் கொடுத்து, நோயாளி என்னும் பெயரையும் சுமத்தல் மலிவன்று. அளவு மிஞ்சி நெடுநாள் உண்ணின் இதயத் துடிப்புப் பிறழ்தலும் எலும்பு மெலிதலும் நேரக்கூடும். பயனோ? 2017-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆராய்ச்சியொன்றில், 65 வயதும் அதற்கு மேலும் உடைய 737 பேருள் ஒரு பகுதியார்க்கு மருந்தும், மறுபகுதியார்க்குப் போலி மாத்திரையும் தரப்பட்டன. ஓராண்டின் பின்னர் இரு திறத்தாரின் சோர்விலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை.

முதியோரிடம் கண்டதை இளையோர்க்கு அப்படியே ஏற்றலாகாது என்பது மெய்யே. கருவுற்றவளும் மகப்பேறு விழைபவளும் தாமதியாது வைத்தியரை நாடல் வேண்டும். எண் 10-ஐக் கடந்து நிற்போர்க்கும் மருந்து ஏற்றதாகலாம். ஏனையோர்க்கோ, பொறுத்திருந்து மீண்டும் சோதித்தலே தக்க வழி என்பது எமது துணிபு. பொறுத்திருத்தல் வேறு, புறக்கணித்தல் வேறு.

நம் கலாசாலையிற் பயின்று அவ்வாலைகளில் மேற்பார்வை பூண்டிருக்கும் அன்பர்கள், சீட்டைக் கையிற் கொடுப்பதோடு நில்லாமல், அதனை விளக்க ஒரு வைத்தியரையும், மறுசோதனைக்குக் கூலி குறையாத ஒரு காலைப் பொழுதையும் அப்பெண்களுக்கு அளிப்பார்களாக.