சரக்குக்கு முந்தி, சனத்துக்குப் பிந்தி



ரவாங் வட்டாரத்திலும் கோல சிலாங்கூர்ப் பக்கத்திலும் நாம் கூட்டம் பேசப் போகிற இடமெல்லாம் சம்பளப் பேச்சு முடிந்து, வீட்டுப் பேச்சு முடிந்து, செம்பனைக் குலை எடைப் பேச்சும் முடிந்த பிறகு, கடைசியில் யாராவது ஒரு பெரியவர் எழுந்து, "அது கெடக்கட்டும் தம்பி, இந்த ரயிலு ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்காமல் விடுவதில்லை. சங்கத்துக்காரனுக்கும் இரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. வேலைக்குப் போக வர ஆகும் காசும் நேரமும் கூலியிலிருந்துதானே போகிறது? அதனால் இந்த வாரம் இரயிலைப் பற்றியே எழுதுகிறோம்.

கோல சிலாங்கூரில் இரயில் கிடையாது. பெஸ்தாரி ஜெயா என்று இப்போது பெயர் மாறிவிட்ட நம்முடைய பழைய பத்தாங் பெர்ஜுந்தையிலும் கிடையாது. அங்கிருக்கும் சனம் பத்து ஆராங் வழியாக மோட்டார் சைக்கிளிலோ பஸ்ஸிலோ ரவாங்குக்கோ குவாங்குக்கோ வந்துதான் வண்டி ஏற வேண்டும். பத்து ஆராங்குக்கு ஒரு காலத்தில் குவாங்கிலிருந்து கிளைப் பாதை இருந்தது. யாருக்காக? நிலக்கரிக்காக. 1915 முதல் 1960 வரை அங்கே நிலக்கரி தோண்டினார்கள். அதில் பெரும் பங்கு இரயில் எஞ்சினுக்கே போயிற்று. சுரங்கத்தை மூடினார்கள், பின்னால் பாதையும் போயிற்று. நிலக்கரி இல்லாவிட்டாலும் அங்கே மனிதர்கள் இருக்கிறார்களே என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இந்த நாட்டு இரயிலின் பிறவிக் குணமே அதுதான். 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் பாதை போட்டது ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டு போக. 1892-இல் கோலாலம்பூரிலிருந்து ரவாங் வரைக்கும் பாதை வந்ததும் ஈயச் சுரங்கங்களை நம்பித்தான். பிறகு கித்தா வந்தது. கித்தாவோடு நாமும் வந்தோம். பால் கட்டியைத் துறைமுகத்துக்கு இறக்கிய அதே வண்டிதான் கப்பலில் வந்திறங்கிய நம் பாட்டன் பூட்டனைத் தோட்டத்துக்கு ஏற்றிக் கொண்டு போனது. ஏற்றியவனின் கணக்கில் இரண்டும் சரக்குதான். ஜப்பான்காரன் வந்தபோது கிழக்குக் கரைப் பாதையிலும் மலாக்காப் பாதையிலும் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாம் பர்மா இரயிலுக்குக் கொண்டு போனான். அதைப் போட நம் லயத்து ஆட்களையும் கொண்டு போனான். தண்டவாளமும் திரும்பவில்லை, ஆட்களிலும் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இரயிலைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு இல்லை என்று சொல்பவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம்.

எங்கள் அப்பா அம்மா காலத்தில் ராத்திரி மெயில் வண்டி ஒன்று உண்டு. பகலில் நின்று நின்று போகும் சாதா வண்டி உண்டு. எக்ஸ்பிரஸ் ராக்யாட் என்று ஒரு நெடுந்தூர வண்டியும் பட்டர்வொர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. பெயரிலேயே 'மக்கள்' இருந்தது. 2010-இல் ஈப்போவுக்கு ஈ.டி.எஸ். மின்சார வண்டி வந்தது. 2015-இல் அது பாடாங் பெசார் வரை நீண்டது. தெற்கே கெமாஸ் வரை போயிற்று. 2016-க்குள் மேற்குக் கரையில் பழைய டீசல் வண்டிகள் ஒவ்வொன்றாக அட்டவணையிலிருந்து எடுபட்டுப் போயின. 2025-இல் மின்சார வண்டி கெமாஸைத் தாண்டித் தெற்கே ஓடத் தொடங்கியது.

புது வண்டியை நாம் குறை சொல்லவில்லை. சுத்தமாக இருக்கிறது, மணிக்கு 140 கிலோமீட்டர் ஓடுகிறது, குளுகுளு வசதி. ஆனால் அதில் சில வண்டிகள்தாம் ரவாங்கில் நிற்கின்றன. செரண்டாவிலும் ராசாவிலும் நிற்பதில்லை. அங்கே இருப்பவனுக்கு கொமூட்டர்தான் கதி. தஞ்சோங் மாலிம் வரை போகும் கொமூட்டர் வண்டிகளோ நகரத்து எல்.ஆர்.டி. மாதிரி அடுத்தடுத்து வருவதில்லை. ஒன்றைத் தவற விட்டால் பிளாட்பாரத்திலேயே ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் காலையில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு வயதான தாய், முதல் வண்டி போய்விட்டால் அன்றைய முறையையே இழந்து விடுவாள். மறுமுறை எப்போது கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். 'சேவை எண்ணிக்கை சீரமைப்பு' என்று அறிவிப்பில் ஒரு வரியில் வருவதற்கு நம் சனத்தின் வீட்டில் இதுதான் அர்த்தம்.

ஏன் கூடுதலாக வண்டி விட முடியவில்லை என்று கேட்டால், தண்டவாளத்தில் இடமில்லை என்று பதில் வருகிறது. இது முழுப் பொய் இல்லை. எப்படி என்று சொல்கிறோம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ரவாங்குக்கு வடக்கே இருப்பது போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு தடம். அதே தடத்தில் ஈ.டி.எஸ். போக வேண்டும், ஊருக்கு ஊர் நிற்கும் கொமூட்டர் போக வேண்டும், சிமெண்டும் கண்டெய்னரும் ஏற்றிய சரக்கு வண்டியும் போக வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக் கொள்வோம். 140-இல் ஓடும் வண்டிக்கு 21 நிமிஷம் போதும். 70-இல் ஓடும் சரக்கு வண்டிக்கு 43 நிமிஷம் வேண்டும். சரக்கு முன்னால் கிளம்பினால், வேக வண்டி இருபது நிமிஷத்துக்கு மேல் காத்திருந்துதான் கிளம்ப முடியும். இல்லையென்றால் பாதி வழியில் அதன் வாலைப் பிடித்துவிடும். நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு பக்கத் தடம் இருந்தால் சரக்கு ஒதுங்கும். இல்லையென்றால் யாராவது ஒருவர் அட்டவணையிலிருந்தே விலக வேண்டும். வேக வண்டிக்குக் கூடுதல் கட்டணம் கொடுத்தவர் விலக மாட்டார். சரக்குக்குக் கூலி கொடுத்த முதலாளியும் விலக மாட்டார். மிச்சம் இருப்பது யார்? நின்று நின்று போகும் வண்டியும் அதில் ஏறும் நாமும்.

இதற்கு மேலே பழுது பார்க்கும் வேலை வேறு. ரவாங்கிலிருந்து சாலாக் செலாத்தான் வரை பழைய இரட்டைத் தடத்தைப் புதுப்பிக்கும் பணி 2016-இல் ஆரம்பித்துப் பல ஆண்டு இழுத்தது. ஒரு தடத்தை மூடி, போக வர எல்லா வண்டியையும் மறு தடத்தில் விட்டார்கள். கொமூட்டர் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அந்த வேலை நடக்கும்போதே, 2017 நவம்பரில், பேங்க் நெகாரா நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு வண்டி தடம் புரண்டது. புரண்டது சரக்கு வண்டி. நின்று போனது கொமூட்டரும் ஈ.டி.எஸ்.ஸும். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் வடக்குச் சரக்கெல்லாம் கோலாலம்பூரின் நடு வயிற்றைக் கடந்து போகிற வரையில் இது இப்படித்தான் இருக்கும்.

மருந்து இல்லாத நோய் இல்லை இது. செரண்டாவில் பிரிந்து நகரத்துக்குள் நுழையாமல் நேரே துறைமுகத்துக்குப் போகும் தனிச் சரக்குப் பாதை ஒன்று பல ஆண்டுகளாகப் பேச்சில் இருந்தது. இப்போது அந்த வேலையைக் கிழக்குக் கரை இரயில் செய்யும் என்கிறார்கள். 665 கிலோமீட்டர் பாதை அது. கோத்தா பாருவிலிருந்து கோம்பாக் வந்து, அங்கிருந்து செரண்டா, புஞ்சாக் ஆலாம் வழியாகக் கிள்ளான் துறைமுகம் போகிறது. 2019-இல் வேறு வழியாகத் திருப்பினார்கள். 2021-இல் மறுபடியும் நம் பக்கமே கொண்டு வந்தார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாதையிலும் ஆட்கள் ஏறும் வண்டியும் சரக்கும் ஒரே தடத்தில்தான். பயணிகள் வண்டி மணிக்கு 160 கிலோமீட்டர், சரக்கு 80. வருமானத்தில் பத்துக்கு ஏழு பங்கு சரக்கிலிருந்து வரும் என்பதுதான் ஆரம்பத்திலிருந்து சொல்லப்பட்ட கணக்கு. யார் காசு கூடக் கொடுக்கிறானோ அவனைக் கேட்டுத்தான் அட்டவணை போடுவார்கள். செரண்டாவில் எந்தெந்த வண்டி நிற்கும், நாளைக்கு எத்தனை தடவை நிற்கும் என்பதைப் பாதை திறந்த பிறகு கேட்டுப் பயனில்லை. இப்போதே கேட்க வேண்டும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைத்து மனம் உடைய வேண்டாம். அமெரிக்காவில் 1971 முதல் நெடுந்தூர வண்டிகளை அம்டிராக் என்ற நிறுவனம் ஓட்டுகிறது. பெரும்பாலான தண்டவாளம் சரக்குக் கம்பெனிகளுக்குச் சொந்தம். ஆட்கள் போகும் வண்டிக்கே முதல் வழி என்று 1973 முதல் சட்டமே இருக்கிறது. இருந்தும் பயணி வண்டி ஒதுங்கி நிற்பதும் சரக்கு வண்டி முன்னால் போவதும் அங்கே தீராத வழக்கு. கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், தினசரி ஓடிய நெடுந்தூர வண்டிகளில் பெரும்பாலானவற்றை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்தார்கள். சின்னச் சின்ன ஊர்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள். நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. 2021 நடுவில் மறுபடியும் தினசரி வண்டி ஓடியது. இந்தியாவில் 2022 ஏப்ரல், மே மாதங்களில் மின் நிலையங்களுக்கு நிலக்கரி போக வேண்டும் என்று நூற்றுக்கணக்கான பயணி வண்டிகளை நிறுத்தினார்கள். ஆனால் அதே இந்தியாதான் சரக்குக்கென்றே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தனிப் பாதையும் போட்டு வருகிறது. செய்ய மனம் இருந்தால் வழி இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். சரக்கு வண்டியை நிறுத்து என்று நாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது மடத்தனம். சரக்கு தண்டவாளத்தை விட்டு இறங்கினால் லாரியில் ஏறும். லாரி நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போகும் அதே ரோட்டில் ஓடும். பத்து ஆராங் ரோட்டில் விடியற்காலை இருட்டில் வேலைக்குப் போகிறவர்களிடம் கேளுங்கள், லாரிக்கு ஒதுங்குவது என்றால் என்ன என்று. சரக்கு வண்டி ஓட்டுகிறவரும், தண்டவாளத்தில் வெயிலில் நின்று வேலை செய்கிறவரும் நம்மைப் போன்ற தொழிலாளிகள். 1962 கடைசியில் இரயில்வே ஊழியர்கள் மாதச் சம்பளம் கேட்டு நாடு முழுக்க வேலை நிறுத்தம் செய்தார்களே, அந்தக் கோரிக்கை தோட்டத்தில் நாள்கூலி வாங்கிய நமக்குப் புரியாத கோரிக்கையா?

நாம் கேட்பது வேறு. தண்டவாளம் அரசாங்கத்துச் சொத்து. 1991 இரயில்வே சட்டத்துக்குப் பிறகு அது இரயில்வே சொத்துக் கழகத்தின் பெயரில் இருக்கிறது, கே.டி.எம். அதில் வண்டி ஓட்டுகிறது. அப்படியிருக்க, யாருக்கு எந்த நேரம் என்று பங்கு போடும்போது ரவாங்குக்கு வடக்கே இருக்கும் சனத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை வண்டி என்று எழுதி வைக்க வேண்டும். காலை ஐந்திலிருந்து எட்டுக்குள்ளும் மாலை ஐந்திலிருந்து எட்டுக்குள்ளும் அதில் யாரும் கை வைக்கக் கூடாது. சரக்கு அந்த நேரத்தில் ஒதுங்கி நிற்கட்டும். சிமெண்டுக்குப் பசிக்காது, பிள்ளையைத் தூக்கிக் கொண்டு நிற்கும் தாய்க்குப் பசிக்கும். ஒதுங்க இடம் இல்லாத பகுதியில் பக்கத் தடம் போடட்டும்.

டிக்கெட் சங்கதியும் இருக்கிறது. நெடுந்தூர வண்டிக்கு இப்போது கைத்தொலைபேசியில் பதிவு செய்கிறார்கள். வண்டி குறைவு, இடம் குறைவு. தீபாவளிக்கு முன் பதிவு திறந்த வேகத்தில் தீர்ந்து போகிறது. லயத்தில் பிறந்து கைநாட்டு வைத்தே காலம் தள்ளிய கிழவி, பேரன் வீட்டில் இல்லாவிட்டால் ஈப்போவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக முடியாது என்ற நிலை. கவுண்டரில் கொஞ்சம் இடத்தை ஒதுக்கி வைத்து, நேரில் வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இதற்குக் கோடிக் கணக்கில் செலவில்லை.

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு இரவு பகலாக வண்டி விடுகிறார்கள். பாராட்டுகிறோம். ரவாங்கிலிருந்து போகிறவர்கள் புத்ரா நிலையத்தில் மாறி ஏற வேண்டியிருந்தாலும் போய் வந்து விடுகிறார்கள். தைப்பூசத்தன்று முடிகிறது என்றால் மற்ற நாளில் பாதியாவது முடியாதா?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட பிறகு நம் சனம் சிதறி விட்டது. நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காகப் பட்ட பாடு இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குப் புதிதல்ல. வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம். இவ்வளவையும் சேர்த்துக் கட்டும் கயிறு பஸ்ஸும் இரயிலும்தான். கார் வாங்கிக் கொள்ளுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். 2025-இல்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதில் கார் தவணை கட்டி, எண்ணெய் ஊற்றி, மிச்சத்தில் அரிசி வாங்குவது எப்படி என்று சொல்கிறவர்களே செய்து காட்டட்டும்.

போக்குவரத்து அமைச்சுக்கும், தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்துக்கும், நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு மனு தயார் செய்கிறோம். வெறும் வாய்ப்பேச்சாகப் போனால் மேசையிலேயே கிடக்கும், கணக்கு வேண்டும். ஆகவே வண்டி ஏறுகிறவர்கள் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் எடுத்து, தேதி, நிலையம், அட்டவணையில் போட்ட நேரம், வண்டி வந்த நேரம், வராமலே போன வண்டி, சரக்குக்கு ஒதுங்கி நின்ற நிமிஷம், இவ்வளவையும் மூன்று மாதம் எழுதி வாருங்கள். ரவாங்கில் எழுத ஆள் கிடைத்து விடுவார்கள். செரண்டா, பத்தாங் காலி, ராசா பக்கம்தான் ஆள் வேண்டும். தமிழில் எழுதினால் போதும். மலாயில் பெயர்த்துத் தட்டச்சு செய்து கொடுப்பதை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம். எழுதிய நோட்டைத் தோட்டக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து விடுங்கள்.