சூரியன் திரும்பும் நாள்



நான் வேலை செய்வது வட நோர்வேயில், பின்மார்க் கரையோரத்து மீன் தொழிற்சாலை ஒன்றில். இங்கே கார்த்திகைக் கடைசியில் மறைகிற சூரியனைத் தை மாத நடுப்பகுதிக்குப் பிறகுதான் காணலாம்.

2016ஆம் ஆண்டு மார்கழி, என் மனைவியும் பிள்ளையும் வந்து சேர்ந்த முதல் குளிர்காலம். பகல் பன்னிரண்டு மணிக்கும் வெளியில் மங்கலான நீல வெளிச்சம்தான். பிள்ளை பகலில் தூங்கும், இரவில் விளையாடும். "இஞ்சேருங்கோ, இது மனிசர் இருக்கிற இடமே? விடியிறதும் தெரியேல்லை, பொழுதுபடுறதும் தெரியேல்லை" என்று மனைவி அழுதா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் என் முகத்தைப் பார்த்து, பக்கத்தில் மீன் வெட்டும் நோர்வேக்காரக் கிழவர் விசயத்தைக் கேட்டார். சொன்னேன். "இருபத்தோராம் திகதி சூரியன் திரும்புகிறது. அதிலிருந்து நாளை எண்ணுங்கள்" என்றார். இல்லாத சூரியன் எப்படித் திரும்பும் என்று நினைத்தேன்.

பூமி 23½ பாகை சாய்ந்து சுற்றுவதால், மார்கழி 21 அல்லது 22இல் சூரியன் தெற்கு எல்லையைத் தொட்டு வடக்கே திரும்புகிறது. அன்று யாழ்ப்பாணத்தில் பகல் பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. ஒஸ்லோவில் ஆறு மணித்தியாலமும் இல்லை. எங்கள் ஊரில் பகலே இல்லை.

கிறிஸ்தவம் வருமுன்பே இந்த மக்கள் நடுக்குளிரில் 'யூல்' விழா எடுத்தார்கள். 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹோகன் அரசன் அதை நத்தாரோடு சேர்த்து வைக்கச் சட்டம் போட்டான் என்றும், பியர் வைத்திராதவன் தண்டம் கட்டவேண்டும் என்றும், 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி எழுதினார். இன்றும் இங்கே நத்தாருக்கு யூல் என்றுதான் பெயர். குருவிகளுக்கு ஓட்ஸ் கதிர்க்கட்டைக் கட்டித் தொங்கவிடும் பழக்கமும் இருக்கிறது. வார்டோ ஊரில் தை மாதம் சூரியன் முழுவட்டமாகத் தெரிந்ததும் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை.

எங்கள் தைப்பொங்கலும் சூரியன் வடக்கே திரும்புகிற உத்தராயண விழாதான். நட்சத்திரக் கணக்கில் பஞ்சாங்கம் போவதால், இரண்டுக்கும் இன்று மூன்று கிழமைக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது.

அந்த வருடம் மார்கழி 21 இரவு விளக்கேற்றி, குசினிக் கலண்டரில் ஒவ்வொரு நாளாக வெட்டினோம். பொங்கலன்று சூரியன் வரவில்லை. கிழக்கே பார்த்துப் பொங்குவதா என்று மனைவி கேட்டா. இங்கே சூரியன் முதலில் தலைகாட்டுவது தெற்கில், நடுப்பகலில். தெற்கு யன்னலடியில் படைத்தோம். ஒரு கிழமை கழித்து வேலைத்தலத்துக்குத் தொலைபேசி எடுத்து, "வந்திட்டுதப்பா!" என்றா. மேலே ஒன்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டா.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. நடுப்பகலில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போங்கள். நோர்வேக்காரரைப்போல மீனெண்ணெய் குடிக்கக் கொடுங்கள்; விற்றமின் டி வெயிலில்லாமல் உடம்பில் ஊறாது. கிழமைக்கணக்கில் மனம் சோர்ந்து கிடந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை. மார்கழி 21 அன்று வீட்டில் ஒரு விளக்கை ஏற்றுங்கள். அதுக்குப் பிறகு நாளை எண்ணலாம்.