வலை பின்னிய விரல்கள்



நம் முன்னோர் காலத்துக் கைத்தொழில்கள் வரிசையில் இம்மாதம் குருநகருக்குப் போவோம். யாழ்ப்பாண நகரின் கடற்கரையோரம், கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் நெருக்கமாக வாழும் ஊர் இது. பழைய பெயர் கரையூர். சோனகத்தெருவும் இதே நகரில்தான். அவர்கள் பிடித்த மீன் நம் அடுப்பிலும் வெந்தது.

இன்று வலையைக் கடையில் வாங்கிவிடலாம். முன்பு பருத்தி நூலில் கையாலேயே பின்னினார்கள். நூல் சுற்றிய மர ஊசி ஒன்று, கண்களின் அளவு மாறாதிருக்கச் சிறு கட்டை ஒன்று, கருவி இவ்வளவுதான். கண் சிறுத்தால் குஞ்சு மீனும் அகப்படும். பெருத்தால் பிடிக்க வேண்டிய மீனும் தப்பிவிடும். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு வீட்டின் சோறு இருந்தது.

பருத்தி உப்பு நீரில் உக்கிவிடும். அதற்காகப் பனிச்சங்காய்ச் சாற்றில் வலையைத் தோய்த்துக் காயவைப்பார்கள். காயின் துவர்ப்பு நூலுக்கு உரமூட்டும். நைலோன் நூல் வந்தபின் இந்த வேலை மறைந்தது. குருநகரிலேயே வலைத் தொழிற்சாலையும் எழுந்தது.

ஆனால் கைவேலை முற்றாக அழியவில்லை. பாறையில் கிழிந்த வலையை இன்றும் கைதான் பொத்துகிறது. கிழிசலின் ஓரத்தை அளவாக வெட்டி, எந்தக் கண்ணில் தொடங்கி எந்தக் கண்ணில் முடிப்பது என்று பார்த்துப் பின்ன வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகினால்தான் இது கைக்கு வரும்.

1990 அக்டோபர் 30இல், இரண்டு மணி நேர அவகாசத்தில், யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 அக்டோபர் 30இல், குருநகர் மக்களும் மற்றவர்களோடு ஊரைவிட்டு நடந்தார்கள். இருவரும் வீட்டை விட்டார்கள், பொருளை விட்டார்கள். தையல் தெரிந்தவரின் தையலும், வலை தெரிந்தவரின் முடிச்சும் மட்டும் கூடவே போயின. புத்தளத்து அகதிக் கொட்டிலிலும் ஊசிக்கு வேலை இருந்தது.

தாவூது நபி (அலை) அவர்கள் கவசம் செய்து, தம் கை உழைப்பில் உண்டவர்கள் என்பதை நாம் அறிவோம். ஆனாலும் வீட்டுப் பெண் பாய் இழைத்தால், பெட்டி பின்னினால், அதைப் பொழுதுபோக்கு என்கிறோம். அதற்குக் கூலி கணக்கிடுவதில்லை.

உங்கள் வீட்டில் உம்மம்மா இருக்கிறார்களா? அவர்களுக்குத் தெரிந்த கைவேலை என்னவென்று கேளுங்கள். இந்த விடுமுறையில் மகளையும் மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு முடிச்சையாவது பழகச் சொல்லுங்கள். அந்தக் கை ஓய்ந்தபின் கேட்டுப் பயனில்லை.