மூன்றாம் கோப்பைத் தேத்தண்ணி



எமது வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை முறை தேத்தண்ணி ஊற்றப்படுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? சுபஹுக்குப் பின் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று, இஷாவுக்குப் பின் ஒன்று. இடையில் விருந்தாளி வந்தால் அதற்கு வேறாக ஒன்று. தேயிலையோ எங்கள் மலையிலேயே விளைவது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் அதை நட்டுத் தொடங்கி நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆனால் அதன் ருசியை நாம் அறிந்திருக்கிறோமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். தூளைக் கொதிநீரில் போட்டு, கறுக்கும்வரை விட்டு, பால்மாவும் மூன்று கரண்டி சீனியும் கலந்து குடிக்கிறோம். அதில் ருசிப்பது சீனியும் பால்மாவும்தான். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாட்களில் வெறுந்தேத்தண்ணிக்கு மாறிய பல குடும்பங்கள், தேயிலைக்கென்று ஒரு வாசனை இருப்பதை அப்போதுதான் கண்டுகொண்டன.

இந்த மாதம் இலைத் தேயிலையைப் பற்றியும், ஒரே இலையில் இரண்டு மூன்று தரம் சாயம் இறக்கிக் குடிப்பதைப் பற்றியும் எழுதலாம் என்று நினைக்கிறேன். "ஒருமுறை ஊறிய இலையில் மறுபடி தண்ணீர் ஊற்றுவதா? அது கஞ்சத்தனமல்லவா?" என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். அவர்கள் சஹாராப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

மூரித்தானியா, மாலி, செனகல் போன்ற நாடுகளில் எமது முஸ்லிம் சகோதரர்கள் தேநீரை 'அதாய்' என்பார்கள். அரபுக் கிதாபுகளில் நாம் படித்த 'ஷாய்' அல்ல, இது வேறு சொல். அவர்கள் பாவிப்பது சீனாவிலிருந்து வரும் பச்சைத் தேயிலை. ஒவ்வோர் இலையும் வெடிமருந்துக் குண்டுமணி போல உருட்டப்பட்டிருக்கும். 1853 முதல் 1856 வரை நடந்த கிரைமியா யுத்தத்தால் தமது சந்தையை இழந்த ஆங்கிலேய வியாபாரிகள் இந்தத் தேயிலையை மொரோக்கோவின் துறைமுகங்களில் கொண்டுவந்து இறக்கினார்கள் என்றும், அதன் பின்னரே அங்கு இப்பழக்கம் பெருகியது என்றும் சொல்வர்.

தணலின் மேல் ஒரு சின்னஞ்சிறிய கேத்தில். அதில் இலையும் தண்ணீரும். முதல் ஊறலைக் கொதிக்க வைத்துச் சீனி சேர்த்து, ஒரு சிறு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸுக்கு உயரத் தூக்கி ஊற்றி ஊற்றி நுரை வரச் செய்வார்கள். முதல் கிளாஸ் நாக்கைப் பிடிக்கும் கசப்பு. அதே இலையில் மறுபடி தண்ணீரும் சீனியும் புதினாவும் சேர்த்தால் இரண்டாவது கிளாஸ். கசப்பும் இனிப்பும் அதில் சமமாக நிற்கும். மூன்றாவது மெல்லியது, இனிப்பானது. மூன்றும் முடிய இரண்டு மணித்தியாலம்கூட ஆகும். மூன்றாவது கிளாஸுக்கு முன் எழுந்து போவது மரியாதைக் குறைவு. நல்ல தேநீருக்கு மூன்று 'ஜீம்' வேண்டும் என்பது மூரித்தானியர் பேச்சு: ஜம்ர், ஜர்ர், ஜமாஅத். தணல், இழுத்து நீட்டி ஆறுதலாகச் செய்தல், கூடியிருக்கும் ஆட்கள். அரபு படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த மூன்று சொற்களையும் சொல்லிக் கொடுங்கள், மறக்க மாட்டார்கள்.

சீனாவின் நிங்ஷியா, கான்சு பகுதிகளில் வாழும் ஹூயி முஸ்லிம்களிடம் இன்னொரு முறை உண்டு. மூடி, கிண்ணம், அடித்தட்டு என்று மூன்று பாகமுள்ள கோப்பையில் தேயிலையோடு கற்கண்டு, சீனப் பேரீச்சை, உலர்ந்த லொங்கன் பழம், முந்திரிகை வற்றல், எள் எல்லாம் போட்டு வெந்நீர் ஊற்றுவார்கள். மேலே மிதப்பவற்றை மூடியால் ஒதுக்கிவிட்டு உறிஞ்சிக் குடித்து, குறையக் குறைய வெந்நீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். முதலில் தேயிலை ருசிக்கும். பிறகு கற்கண்டு கரையும். கடைசியில் பழங்களின் ருசி வரும். ஃபூஜியன் பக்கமோ இன்னும் நுணுக்கம்: சிறு பாத்திரம், நிறைய இலை, சில விநாடிகள் மட்டுமே ஊறல், ஒரே ஊலோங் இலையில் ஏழெட்டுத் தரம் இறக்குவார்கள். (நாம் சொல்லும் 'தேயிலை'யின் 'தே' அந்தக் கரைப் பேச்சிலிருந்து கப்பலேறி வந்த சொல்தான்.)

எங்கள் வீட்டுத் தூளில் இது ஏன் முடியாது? இலை எவ்வளவுக்கு நொறுங்குகிறதோ, அவ்வளவுக்குச் சாயம் ஒரேயடியாக இறங்கிவிடும். டஸ்ட் தேயிலை முதல் கோப்பையிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் சக்கையாகிறது. முழு இலை முறுக்கப்பட்டிருப்பதால் சிறிது சிறிதாக விரிந்து, சிறிது சிறிதாகக் கொடுக்கும். ஆகவே கடையில் வாங்கும்போது பக்கெற்றில் ஓபி அல்லது ஓபி1 என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பகுதிகளின் தாழ்நிலத் தேயிலையில் இந்த நீண்ட கறுத்த இலை நன்றாக வரும். மத்திய கிழக்கு நாட்டவர் விரும்பி வாங்குவது இதைத்தான். பிஓபி, பிஓபிஎஃப் என்பன நொறுக்கியவை. நல்ல நிறம் கொடுக்கும், ஆனால் இரண்டாம் தரம் தாங்காது.

செய்முறை எளிது. சிறிய டீ பொட்டை வெந்நீரால் அலசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு சிறு கோப்பைக்கு ஒரு குவித்த தேக்கரண்டி இலை. கொதித்த தண்ணீரை ஊற்றி மூன்று நிமிடம் மூடி வைத்து, கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுங்கள். இதில்தான் பலரும் தவறுவது. மிச்சத் தண்ணீர் இலையோடு கிடந்தால் அது கயர்த்துப் போய் அடுத்த ஊறலையும் கெடுத்துவிடும். இரண்டாவதற்கு ஐந்து நிமிடம். உண்மையைச் சொன்னால், எமது கறுப்புத் தேயிலை இரண்டு தரம் நன்றாகக் கொடுக்கும். மூன்றாவது தரம் மெலிந்துவிடும். அதற்கு ஏலம் ஒன்றைத் தட்டிப் போடுங்கள், அல்லது நாலைந்து புதினா இலை போட்டு ஏழெட்டு நிமிடம் விடுங்கள். கஃபீனில் பெரும் பகுதி முன்னைய ஊறல்களிலேயே போய்விடுவதால் இஷாவுக்குப் பின் குடிக்க இதுவே உகந்தது. பச்சைத் தேயிலை என்றால் கொதிநீரைச் சில நிமிடம் ஆறவிட்டு ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும்.

முதல் கோப்பையைச் சீனியில்லாமல் குடித்துப் பாருங்கள். முடியாதென்றால் எமது பெரியவர்கள் செய்தது போல் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொள்ளலாம். நீரிழிவு இல்லாத வீடே அரிதாகிவிட்ட காலத்தில், நாளைக்கு ஐந்து கோப்பையிலும் மும்மூன்று கரண்டி என்றால் பதினைந்து கரண்டி சீனி. நல்ல இலைக்கு அவ்வளவு தேவைப்படாது. அவசரப்பட்டுச் சுடச்சுட விழுங்கவும் வேண்டாம். 65 பாகைக்கு மேல் சூடான பானங்களைப் பருகுவது உணவுக் குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2016இல் அறிவித்தது. கர்ப்பிணிகளும் வளரும் பெண்பிள்ளைகளும் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் அது தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும்.

"தூளைப் போட்டு ஊற்றவே நேரமில்லை, இதில் மூன்று தரமா?" என்று சகோதரிகள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. ஆனால் வேலையைப் பிரித்துப் பாருங்கள். சஹாராவில் தேநீர் ஊற்றுபவர், ஆணோ பெண்ணோ, சபையின் நடுவில் இருந்துதான் ஊற்றுகிறார். பேச்சிலும் சிரிப்பிலும் அவருக்குப் பங்குண்டு. எமது வீட்டிலோ ஊற்றுகிறவள் சமையலறையில் நிற்கிறாள், தட்டம் மட்டும் திரைக்கு இப்பால் வருகிறது. எல்லோரும் குடித்து முடித்து இரண்டாவது தட்டம் கேட்கும்போது, அவளுடைய கோப்பை அடுப்பருகே ஆடை படிந்து ஆறிக் கிடக்கிறது. இலையோடு டீ பொட்டும், வெந்நீரோடு சுடுதண்ணீர்ப் போத்தலும் குடும்பத்தார் இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டால், அவளும் வந்து உட்காரலாம். இரண்டாம் தரத்தை வீட்டுக்காரர் ஊற்றட்டும், மூன்றாவதை மகன் ஊற்றட்டும். வெந்நீர் ஊற்ற மௌலவிப் பட்டம் தேவையில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் ஈடுபடுவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்ததை மேடையில் எடுத்துச் சொல்லும் எம்மவர், தமது கோப்பையைத் தாமே எடுத்துப் போய்க் கழுவுவதைக் காண்பது அரிது. இந்தப் பக்கத்தை வீட்டுக்காரர் கண்ணில் படும்படி வையுங்கள்.

இனிச் சில சில்லறை விஷயங்கள். இலைத் தேயிலையை மிளகாய்த்தூள், கறுவாப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எந்த வாசனையையும் அது உறிஞ்சிக்கொள்ளும். இறுக்கமான மூடியுள்ள தகரப் பேணியே நல்லது. விலை கூடுதலாகத் தெரிந்தால் முதலில் நூறு கிராம் மட்டும் வாங்கி, ஒரு பேணி எத்தனை கோப்பை கொடுக்கிறது என்று எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள். ஊறிய இலையைப் பொட்டிலேயே விட்டு மறுநாள் காலை வெந்நீர் ஊற்ற வேண்டாம். எமது வெக்கைக்கு ஈர இலை ஒரே இரவில் கெட்டுவிடும். ஒரே அமர்வில் மூன்றையும் முடித்துவிட்டு, சக்கையை ரோஜாச் செடியின் அடியில் கொட்டிவிடுங்கள்.