நிற்கப் பழகுவோம்

பாடசாலை விடுமுறை நெருங்கினால் எங்கள் வீடுகளில் ஒரு கதை தொடங்கிவிடும். "இந்த முறை மெல்பேர்ணுக்குக் காரிலை போவமோ?" மகள் அங்கே பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருப்பாள். அல்லது ஒன்றுவிட்ட தம்பி புது வீடு குடிபுகுவார். அல்லது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனியாவது நாங்கள் இரண்டு பேரும் ஒரு புது நகரத்தைப் பார்த்து வருவோம் என்று கணவனுக்கும் மனைவிக்கும் ஆசை வரும். நல்ல ஆசைதான். என்னிடம் வரும் ஐம்பது, அறுபது வயதுத் தம்பதிகளுக்கு நானே இதைச் சொல்வதுண்டு.

ஆனால் ஆயத்தம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காருக்கு சேர்விஸ் நடக்கும். ரயருக்குக் காற்று அடிக்கப்படும். அக்கா வேலையால் வந்த கையோடு குசினிக்குள் புகுந்து புட்டு, கட்டைச் சம்பல், பொரித்த முட்டை, போதாததற்கு ஒரு வாளி பருத்தித்துறை வடை என்று செய்து கட்டுவார். அண்ணையும் முழுநாள் வேலை செய்துவிட்டு வந்து, குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, இரவு பத்து மணிக்குக் காரை எடுப்பார். கேட்டால், "இரவிலை எண்டால் றோட்டு வெறுமை, விடிய அங்கை நிப்பம்" என்பார்.

காருக்கும் சாப்பாட்டுக்கும் செய்த ஆயத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட, அந்தக் காரை ஓட்டப்போகும் உடம்புக்கு நாங்கள் செய்வதில்லை. விஷயம் தெரியாமல் இப்படிச் செய்கிறோம் என்று நான் நினைக்கவில்லை. கணவனும் மனைவியும் தங்கள் உடம்பைப் பற்றி ஒருவரோடொருவர் மனம்விட்டுக் கதைப்பதில்லை என்பதே காரணம் என்பது என் கருத்து. இதை ஒரு வைத்தியராக மட்டும் சொல்லவில்லை. அதே பிழையைச் செய்தவள் என்ற முறையிலும் சொல்கிறேன்.

2004ஆம் ஆண்டு ஒரு உறவினரின் கல்யாணத்துக்காக நானும் என் கணவரும் முதன்முதலாகச் சிட்னியில் இருந்து மெல்பேர்ணுக்குக் காரில் போனோம். ஏறத்தாழ 880 கிலோமீற்றர். நான் கிளினிக் முடித்து வர இரவாகிவிட்டது. பத்து மணிக்குப் புறப்பட்டோம். அவர் அன்று காலை ஆறு மணிக்கு வேலைக்கு எழும்பியவர். கண்டகாய் தாண்டியதும் கொட்டாவி விடத் தொடங்கினார். ரார்க்கட்டா தாண்டியதும் கதை நின்றுவிட்டது. நான் பக்கத்தில் இருந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "நிப்பாட்டுங்கோ" என்று சொல்ல நா எழவில்லை. சொன்னால் கோபிப்பாரோ, பிந்திவிடுமோ, இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்றெல்லாம் மனம் ஓடியது.

அந்தக் காலத்தில் ஹியூம் நெடுஞ்சாலையின் அந்தப் பகுதியில் பல இடங்களில் போகவும் வரவும் ஒரே பாதைதான். அதிகாலை மூன்று மணி இருக்கும். எங்கள் கார் மெல்ல மெல்ல நடுக்கோட்டைத் தாண்டியது. எதிரே வந்த பெரிய லொறி அடித்த ஹோர்ன் சத்தத்தில் அவர் திடுக்கிட்டு விழித்து ஸ்ரேரிங்கைத் திருப்பினார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹோல்புறூக் ஊருக்குள் போய், கடலே இல்லாத அந்த ஊரின் பூங்காவில் வைத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, விடியும் வரை இருந்தோம். வெகுநேரத்துக்குப் பிறகு அவர் கேட்டார்: "நான் தூங்கி விழுறதை நீர் கண்டனீரோ?" "ஓம், கண்டனான்" என்றேன். "அப்ப ஏன் சொல்லேல்லை?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை. பிறகு பல வருடம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் தலைமுறை பயணம் செய்யப் பழகிய விதம் அப்படி. 1990களின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலத்தில், நான் மருத்துவபீட மாணவியாகக் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்திருக்கிறேன். விளக்குக் கொளுத்தக்கூடாது, கதைக்கக்கூடாது, நிற்கக்கூடாது. அந்தத் தண்ணீரில் உயிர்விட்டவர்கள் பலர். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்துக்குள் நின்றவர்களுக்கும் அது தெரியும். இரவிலே போ, வாய் திறக்காமல் போ, போய்ச் சேரும்வரை நிற்காதே என்பதுதான் நாங்கள் படித்த பாடம். அன்று அது உயிரைக் காத்தது. இந்த நாட்டு நெடுஞ்சாலையில் அதே பழக்கம் உயிரை எடுக்கும். இங்கே நிற்கத் தெரிந்தவரே பத்திரமாகப் போய்ச் சேருவார்.

எனவே புது நகரத்துக்குப் புறப்படும் தம்பதிகள், பெட்டி அடுக்குவதற்கு முன் ஒருநாள் மேசையில் இருந்து ஒருவரையொருவர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முதற் கேள்வி: உங்கட நித்திரை எப்படி?

தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயற்திறன், இரத்தத்தில் 0.05 அளவு மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். மெல்பேர்ண் பயணத்தில் என் கணவர் 21 மணித்தியாலம் விழித்திருந்தார். ஒரு சொட்டும் குடிக்காத மனிதர், குடித்தவரைப் போல ஓட்டினார். 110 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு விநாடி கண் அயர்ந்தால் கார் 120 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். கண்ணாடியைத் திறப்பது, பாட்டைச் சத்தமாகப் போடுவது, முகம் கழுவுவது ஒன்றும் நித்திரைக்கு மருந்தல்ல. நித்திரைக்கு நித்திரைதான் மருந்து.

இதில் மனைவிமாருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. அவர் பலமாகக் குறட்டை விடுகிறாரா? இடையில் மூச்சு நின்று, பிறகு திணறி எழுகிறாரா? பகலில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தபடியே உறங்கிவிடுகிறாரா? இவை நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். இது உள்ளவர் எட்டு மணித்தியாலம் படுத்து எழும்பினாலும் களைப்பு ஆறாது. தான் குறட்டை விடுவது அவருக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: நீங்கள் என்ன மருந்து எடுக்கிறீர்கள்?

"அவர் வெள்ளையா ஒரு சின்னக் குளிசையும் மஞ்சளா ஒண்டும் போடுறவர் டொக்டர்." இருபத்தைந்து, முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த மனைவி இப்படிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஊர் பேர் தெரியாத இடத்தில் அவர் மயங்கி விழுந்தால் அம்புலன்ஸ்காரருக்கு இதைத்தான் சொல்வீர்களா? நோய், மருந்தின் பெயர், அளவு, ஒவ்வாமை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவருடைய கைப்பையிலும் வையுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். மருந்தைப் போகும் நாட்களைவிட மூன்று நாலு நாளுக்குக் கூடுதலாக எடுங்கள். மெடிக்கெயர் அட்டை எல்லா மாநிலத்திலும் செல்லும். ஆனால் அம்புலன்ஸ் செலவை மெடிக்கெயர் பொறுப்பேற்காது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால் உங்கள் காப்புறுதியை முன்கூட்டியே பாருங்கள்.

நீரிழிவு எங்கள் சமூகத்தில் இல்லாத வீடு குறைவு. இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களுக்குச் சீனி திடீரெனக் குறையலாம். "ஐந்துக்கு மேல் இருந்தால் ஓட்டலாம்" என்பதை மனதில் வையுங்கள். ஓட்டுவதற்கு முன்பும், நெடும்பயணத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் சோதித்துப் பாருங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி, காரை அணைத்து, ஆறேழு ஜெலி பீன்ஸ் அல்லது அரைக் கிளாஸ் சாதாரண குளிர்பானம் எடுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். பிறகு பாண் அல்லது பிஸ்கற் ஏதாவது சாப்பிடுங்கள். சீனி ஐந்துக்கு மேல் வந்து அரை மணித்தியாலம் கழியும்வரை ஓட்டக்கூடாது. சீனி குறைந்தவர் சிடுசிடுப்பார், "எனக்கு ஒண்டுமில்லை" என்று அடம்பிடிப்பார். பக்கத்தில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இன்சுலினை டாஷ்போர்ட்டிலோ வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைக்காதீர்கள். ஐஸ் கட்டியில் நேரே முட்டவும் விடாதீர்கள். சூட்டிலும் கெடும், உறைந்தாலும் கெடும். இன்சுலின் எடுப்பவர்கள் அதை லைசென்ஸ் அலுவலகத்துக்கு அறிவித்திருக்க வேண்டும் என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

தடிமன் குளிசை, சத்திக் குளிசை, ஒவ்வாமைக்கு எடுக்கும் பழைய மருந்துகள் பலவற்றுக்கு நித்திரைத் தூக்கம் உண்டு. பெட்டியில் எச்சரிக்கை ஒட்டியிருந்தால் ஓட்டுபவர் அதைத் தொடவேண்டாம்.

மூன்றாவது கேள்வி: நானும் ஓட்டட்டோ?

எங்கள் பெண்கள் பலரிடம் லைசென்ஸ் இருக்கிறது. கடைக்கும் வேலைக்கும் கோயிலுக்கும் தினமும் ஓட்டுவார்கள். நெடுஞ்சாலை என்றால் மட்டும் சாவி கணவர் கைக்குப் போய்விடும். "உமக்குப் பழக்கமில்லை" என்பார். பழக விட்டால்தானே பழக்கம் வரும்? பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து சனிக்கிழமைகளில் கன்பெரா, நியூகாசில் பக்கமாக மாறிமாறி ஓட்டிப் பாருங்கள். ஒருவருக்கு நெஞ்சுநோ வந்தாலும், சீனி குறைந்தாலும், கண் சொருகினாலும் மற்றவர் காரை எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதில் கௌரவப் பிரச்சினை எதுவும் இல்லை.

நான்காவது கேள்வி: எங்கே எங்கே நிற்போம்?

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் நிற்பது என்று முதலே தீர்மானித்து, இடங்களை எழுதுங்கள். கொல்பர்னில் பெரிய செம்மறி, கண்டகாயில் நாய்ச்சிலை, ஹோல்புறூக்கில் நீர்மூழ்கி என்று பார்க்கவும் இடம் இருக்கிறது. ரார்க்கட்டாவில், வேலையில் இறந்த லொறிச் சாரதிகளின் பெயர்கள் பொறித்த நினைவிடம் ஒன்று உண்டு. ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் பெயர்கள் அவை. ஒருதரம் இறங்கி வாசித்துவிட்டுப் போங்கள். விடுமுறைக் காலத்தில் 'டிரைவர் ரிவைவர்' நிலையங்களில் தொண்டர்கள் இலவசமாகத் தேநீர் தருவார்கள்.

நிற்பதில் வேறு நன்மையும் உண்டு. நாலு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருப்பது காலில் இரத்தம் கட்டியாகும் ஆபத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. விமானத்துக்கு மட்டுமல்ல, காருக்கும் இது பொருந்தும். ஆபத்து மொத்தத்தில் சிறியதுதான். ஆனால் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் முன்பு இரத்தக்கட்டி வந்தவர்களும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். இன்னொன்றைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை. "அடிக்கடி நிப்பாட்டச் சொல்ல வெக்கம்" என்று தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். சில ஆண்கள் அதே காரணத்துக்காக 'தண்ணிக் குளிசை'யைப் போடாமல் விடுவார்கள். இரண்டும் பிழை. நிற்கும் இடம் முதலே தீர்மானிக்கப்பட்டிருந்தால் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

"எத்தினை தரம் இரவிலை போட்டு வந்திட்டம், ஒண்டும் நடக்கேல்லை" என்று சிலர் சொல்வார்கள். எனக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அது அந்த லொறிச் சாரதி விழித்திருந்ததால். ஹியூம் நெடுஞ்சாலை 2013இல் முழுவதும் இரட்டைப் பாதையாகிவிட்டது உண்மை. எதிரே வரும் லொறி இன்று இல்லாவிட்டாலும், ஓரத்தில் மரம் நிற்கிறது, விடியலிலும் மம்மலிலும் கங்காரு குறுக்கே பாய்கிறது. "மொட்டேலுக்கு வீண் காசு" என்பார்கள். ஒரு இரவுக்குக் கொடுக்கும் காசு கொஞ்சமல்ல என்பது எனக்குத் தெரியும். அகதியாக வந்து ஒவ்வொரு டொலராகச் சேர்த்தவர்கள்தான் நாங்களும். முடியாவிட்டால் இரவு நன்றாகப் படுத்து, விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடுங்கள். இருவரும் மாறிமாறி ஓட்டினால் பொழுதுபட மெல்பேர்ணில் நிற்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

இப்போது நாங்கள் இருவரும் மெல்பேர்ண் போகும்போது அல்பெரியில் ஒரு இரவு தங்குகிறோம். அங்கிருந்து நான் ஓட்டுவேன். அவர் பக்கத்தில் இருந்து, "இஞ்சேரும், ரெண்டு மணித்தியாலம் ஆச்சுது, நிப்பாட்டும்" என்பார். எனக்குக் களைப்பே இராது. இருந்தாலும் நிறுத்துவேன். அப்படித்தான் பேச்சு.

இங்கே எழுதியவை பொதுவான தகவல்கள். உங்கள் நோய்க்கும் மருந்துக்கும் ஏற்ற ஆலோசனையைப் புறப்படுவதற்கு இரண்டு வாரமாவது முன்பு உங்கள் குடும்ப வைத்தியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள். போகும்போது இரண்டு பேருமாகப் போங்கள். வடை வாளியையும் மறக்காதீர்கள். உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்.