பூனைக்குக் கழுத்துப்பட்டை அவசியமா?

பெரம்பூர் போன்று வீடுகள் நெருங்கி நிற்கும் பகுதிகளில், வழிதவறிய பூனை இல்லம் திரும்பத் தொலைபேசி எண் பொறித்த கழுத்துப்பட்டை உதவும். ஆனால், சன்னல் கம்பியில் சிக்கினால் அதுவே தூக்குக்கயிறாகிவிடும்! வளரும் குட்டியின் கழுத்தையோ இறுக்கிப் புண்ணாக்கும்.

கண்ணேறு கழியக் கறுப்புக் கயிறு கட்டுவது இன்னும் தீது. ஒட்டகங்களின் கழுத்தில் கட்டிய வில்நாண்களை அறுத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரியில் உள்ளது. கண்ணேறு நம்பிக்கையைக் களையவே அது என்றார் இமாம் மாலிக் (ரஹ்). பிராணியின் கழுத்து நெரிபடாதிருக்கவே என்றோரும் உண்டு.

ஆகவே சகோதரிகளே! இழுபட்டால் தானே கழன்றுவிடும் பட்டையை, இரு விரல் நுழையும் தளர்வுடன் அணிவியுங்கள், வாரந்தோறும் சரிபாருங்கள். பட்டை தொலைந்தாலும், தோலடியில் பொருத்தும் மைக்ரோசிப் அடையாளம் காட்டும். அதுபற்றித் திரு.வி.க. நகர் மாநகராட்சிச் செல்லப்பிராணிகள் சிகிச்சை மையத்தில் கேட்டறியலாம்.